ஹபீபுன்னிசா கொடுத்த அட்டை

பயம் என்ற சரக்கை ஹபீபுன்னிசா தன் மளிகைக் கடையில் ஒருநாளும் வைத்ததில்லை. கணவர் இறந்தபின் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா இருந்து முடித்த மறுநாளே அவரின் கல்லாவில் போய் உட்கார்ந்தவள். "பொம்பள உட்காருற இடமா இது?" என்று கேட்க வந்த உறவுக்காரரிடம், "அப்ப நீங்க உட்காருங்க, மச்சான். அவரு கடனையும் நீங்களே அடைங்க" என்றாள். மச்சான் அதற்குப் பிறகு பட்டுக்கோட்டைச் சாலையில் அந்தப் பக்கமே நடக்கவில்லை.

2016 கார்த்திகையில், ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போன சமயம். களையெடுத்த நான்கு பெண்களின் வாரக் கூலிக்கும் சேர்த்து நிலக்காரர் ஒரே ஒரு புது இரண்டாயிரம் நோட்டை நீட்டியிருந்தார். ஊரில் மருந்துக்குக்கூடச் சில்லறை இல்லை. அவர்களில் ஒருத்தியான வைரக்கண்ணு அந்த நோட்டோடு கடை வாசலில் நின்று அழுதாள்.

ஹபீபுன்னிசா ஒரு பிஸ்கட் பெட்டியை வெட்டினாள். துண்டுக்குத் துண்டு பத்து, ஐம்பது என்று எண் போட்டு, கீழே சின்ன வயதில் படித்த அரபுத்தமிழில் எழுதினாள். தமிழை அரபு எழுத்தில் எழுதும் அந்தக் கை ஊரில் வேறு யாருக்கும் வராது. கள்ள அட்டை போட வழியே இல்லை.

"சாமான் போக மீதிக்கு இத வச்சுக்கங்க. எப்பக் கொண்டாந்தாலும் செல்லும்."

டீக்கடையில் செல்லுபடியானது. மாவு மில்லில் செல்லுபடியானது. மாதா கோயில் உண்டியலில்கூட இரண்டு விழுந்தன. நூற்றுக்கு இருபது கமிஷன் பிடித்து நோட்டு மாற்றிக்கொண்டிருந்த புகழேந்திக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் பணம் அடிப்பதாகத் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டான்.

ஜீப்பில் வந்த அதிகாரி அட்டையைப் புரட்டினார். "அரபியில என்னம்மா எழுதியிருக்க?"

"'இதற்குச் சாமான் உண்டு, ஹபீபுன்னிசா'ன்னு தமிழ்லதான் சார். எழுத்துதான் அரபி."

"பணம் அடிக்க நீ யாரு? எல்லா அட்டையும் பறிமுதல். கடைக்கும் சீல்."

அட்டை போனால் நாற்பது வீட்டில் உலை ஏறாது. அவள் வாக்கும் அதோடு போகும். கூடி நின்றவர்கள் யாரும் அட்டையை நீட்டவில்லை. வைரக்கண்ணு மட்டும் முன்னால் வந்தாள்.

"தர்றோம் சார். இதுக்கு நீங்க அரிசி அளப்பீங்களா?"

"அது செல்லாதும்மா!"

ஹபீபுன்னிசாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நோட்டு அடிச்சவங்க செல்லாதுன்னுட்டாங்க. நான் குடுத்தத நான் செல்லாதுன்னு சொல்ல மாட்டேன். இவங்களுக்கு அளந்து போட்டுட்டு நானே வெளிய வர்றேன், அப்புறம் சீல் வைங்க."

படியை எடுத்து அளக்க ஆரம்பித்தாள். அந்தக் கூட்டத்தின் நடுவில் சீல் வைக்க அதிகாரிக்குக் கை வரவில்லை. மதியத்துக்குள் ஜீப் போய்விட்டது.

பொழுது சாயும்போது வரிசையில் ஒருவன் மட்டும் தலையைக் குனிந்தபடி மிச்சம் நின்றான். புகழேந்தி. உள்ளங்கையில் மூன்று அட்டை.

"உனக்கும் செல்லும். பையப் புடி" என்றாள்.