தவக்காலத்தில் விசிலடித்த எமில்டா

மாம்புரியில் எமில்டாவின் குரல் கேட்காத வீடு கிடையாது. மிளகாய் மில் வைத்திருப்பவள். இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலால் கத்திப் பேசிப் பழகி, மில்லை நிறுத்திய பிறகும் அதே உச்சத்தில்தான் பேசுவாள். புருசன் பீற்றர் கடலுக்குப் போகிறவன். மீனுக்காகப் போகிறானா, கொஞ்சம் அமைதிக்காகப் போகிறானா என்று ஊரில் இரண்டு கருத்து உண்டு. கோயிலில் மைக் பழுதானால் சிலுவைப்பாதை வாசிக்கப் பங்குக் குரு அன்சலம் சுவாமி எமில்டாவைத்தான் கூப்பிடுவார். அவள் வாசித்தால் இயேசு விழுகிற சத்தம் கடற்கரை வரைக்கும் கேட்கும்.

அவளுக்குப் பக்தி இரண்டு. மாதா ஒன்று, சினிமா மற்றது. எது முதலாவது என்று மாதாவுக்கே தெரியும். அதனால் யாரும் கேட்பதில்லை.

எமில்டா சும்மா படம் பார்க்கிறவள் அல்ல. கமரா எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறான், எப்போது வயலினை அவிழ்த்துவிடுகிறான் என்று பார்ப்பாள். கமரா நிலத்தோடு ஊர்ந்து வந்தால் அடுத்தது அடிபாடு. முதல் பாதியில் தாய்க்காரி மகனுக்கு அளவுக்கு மிஞ்சிச் சோறு ஊட்டினால், இடைவேளைக்கு முதல் தாய்க்காரி முடிந்தாள். இதையெல்லாம் பக்கத்துக் கதிரையில் இருப்பவருக்கு முன்கூட்டியே சொல்லியும் விடுவாள். மிளகாய்த்தூளுக்கு நனையாத அந்தக் கண், தாய்க்காரி சாகும்போது மட்டும் ஆறாக ஓடும். தந்திரம் தெரிந்தும் எப்படி அழுகிறாய் என்று கேட்டால், "கிச்சுக்கிச்சு மூட்டப்போறான் எண்டு தெரிஞ்சாச் சிரிப்பு வராதா?" என்பாள்.

அந்த வருடம் ஒரு பெரிய படம் பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. தவக்காலம். இறைச்சி இல்லை, கலியாணம் இல்லை, படமும் இல்லை. தில்லையடியில் தையல் கடை வைத்திருக்கும் அவளுடைய படக் கூட்டாளி ஸக்கியாவோ நோன்பு முடித்து, பெருநாளும் கொண்டாடி, படத்துக்குத் தயாராக இருந்தாள்.

"ஓங்கட நோம்புல தண்ணி குடிக்கலாம், சோறு திங்கலாம், மீன் திங்கலாம். படம் மட்டும் பாக்க ஏலாதா? என்ன நோம்புடி இது?" என்று ஸக்கியா போனில் கேட்டாள்.

எமில்டா மில்லைப் பூட்டினாள். பஸ் ஏறினாள்.

கதாநாயகன் திரையில் முகம் காட்டிய கணத்தில் எமில்டா இரண்டு விரலை வாய்க்குள் விட்டு ஒரு விசில் அடித்தாள். முதலில் அடித்தது ஸக்கியாதான். ஆனால் தடிமன், தும்மல் என்று ஸக்கியா மாஸ்க்கைக் கண்வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். யாரோ முன்வரிசையிலிருந்து போனைத் திருப்பிப் பிடித்ததை இருவரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை, 'ஆன்டியின் விசில்' என்ற தலைப்போடு எமில்டா பேஸ்புக்கில் கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் பயணம் செய்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில், பன்னிரண்டாம் தலத்தில், இயேசு உயிர்விடும் இடத்தில், அவள் மூச்செடுப்பதற்காக வாசிப்பை நிறுத்தினாள். கோயிலின் பின்பக்கத்திலிருந்து ஒரு விசில் கேட்டது.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் அன்சலம் சுவாமி அவளைத் தான் தங்கும் அறைவீட்டுக்குக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கடலேரிக் களப்போரத்தில் உள்ள ஒடுக்க இல்லத்தில் கிழமை முடிவில் ஒடுக்கம் இருக்கிறது என்றார். வாய் பேசாமல், போன் இல்லாமல், செபித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

"வாய் பேசாமலா சுவாமி?"

"ஓம்."

"சிலுவையில அறையப் பாக்கிறீங்க."

பீற்றர் அவளைக் கொண்டுபோய் விடும்போது அடக்க முடியாத சந்தோசத்தில் வாசலில் நின்ற சிஸ்டருக்கு இரண்டு தரம் நன்றி சொன்னான்.

முதல் நாள் எமில்டா உண்மையாகவே முயன்றாள். ஆனால் பேச்சில்லாத மனிதர்களைப் பார்க்கும்போது அவளுக்கு ஊமைப்படம் பார்ப்பதுபோல இருந்தது. பாணுக்குப் பட்டர் பூசிய ஒரு சிலாபத்துப் பெண்ணைக் கிட்டத்தில் வைத்து, பிறகு எட்டத்தில் வைத்து, கண்ணை இடுக்கி இடுக்கி மனதுக்குள் விதவிதமாகப் படம் பிடித்தாள். அந்தப் பெண் பயந்து வேறு மேசைக்கு மாறிவிட்டாள்.

இரண்டாம் நாள் பொழுதுபடும் நேரம் உள்மனக் குணமளிப்பு என்று ஒரு வழிபாடு நடந்தது. கொழும்பிலிருந்து பிரதர் கொட்வின் என்ற பிரசங்கியார் வந்திருந்தார். வெள்ளை முழுக்கைச் சட்டை, காதோடு ஒட்டிய மைக், கூடவே கீபோட் வாசிக்க ஒருவன். விளக்குகளை அணைத்தார்கள். பீடத்தின் மேல் ஒரு மஞ்சள் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

'லைட்டிங் நல்லம்' என்று எமில்டா நினைத்தாள்.

பிரதர் குரலை இறக்கினார். கீபோட் வயலின் சத்தத்தில் மெல்ல ஆரம்பித்தது. "உன் தாயை நினைத்துக்கொள்" என்றார். எமில்டாவுக்கு உடனே விளங்கிவிட்டது. இடைவேளைக்கு முந்தின காட்சி. முன்வரிசையில் விம்மல் தொடங்கியது. வயலின் ஒரு படி ஏறியது. "அந்தத் தாய் உனக்காக எத்தனை இரவு..." என்று பிரதர் இழுத்தபோது எமில்டா தன்னை மறந்து, தன் வழக்கப்படி, பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"இப்ப மழை வரும் பாருங்க."

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். மில்காரியின் மெதுவான குரல் மண்டபம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. அதைக் கேட்டோ கேளாமலோ கீபோட்காரன் ஒரு பொத்தானை அமுக்கினான். இடி இடித்தது. மழை பெய்தது.

எமில்டாவுக்குச் சிரிப்பு வெடித்தது. இரண்டு நாள் அடைத்து வைத்த வாய். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்தாள். சிரிப்பு மூக்கால் வந்தது. சிலாபத்துப் பெண்ணும் சிரித்தாள். அழுதுகொண்டிருந்த ஒரு கிழவர் அழுகையை நிறுத்தாமலே சிரிக்கத் தொடங்கினார். பிரதர் கொட்வின் இறங்கி வந்து எமில்டாவின் தலையில் கையை வைத்து, மைக்கிலேயே முழங்கினார்:

"வெளியே போ! கர்த்தரின் பெயரால் கட்டளையிடுகிறேன், வெளியே போ!"

அவர் பேசியது அவளுக்குள் இருந்த ஆவியோடு. எமில்டா, "சரி பிரதர்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள்.

வெளியே களப்போரத்தில் அன்சலம் சுவாமி ஒரு பிளாஸ்டிக் கதிரையில், காலடியில் நுளம்புத்திரி கொளுத்தி, பாவசங்கீர்த்தனம் கேட்கக் காத்திருந்தார். ஒருவரும் வரவில்லை, எல்லோரும் உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். எமில்டா போய் எதிரே முழந்தாளிட்டாள்.

"என்னை ஆசீர்வதியும் சுவாமி, பாவியாயிருக்கிறேன். சிரிச்சுப்போட்டன்."

"கேட்டுது. எதுக்கு?"

"மழைக்கு."

சுவாமி களப்பின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. தொண்டையைச் செருமி, "வேற?" என்றார்.

வேறு சொல்ல அவள் நினைத்து வரவில்லை. தவக்காலத்தில் படம் பார்த்தது, விசில், பீற்றரை ஏசியது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் வாயில் வேறொன்று வந்தது.

"எங்கட அம்மா செத்த வீட்டில நான் அழேல்ல சுவாமி."

சுவாமி நுளம்புத்திரியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

"தம்பி வீடியோவுக்குச் சொல்லியிருந்தான். வந்த பொடியனுக்கு வேலை தெரியாது. அம்மாட முகத்தில நிழல் விழுது. சொன்னாலும் விளங்கேல்ல. நான் லைட்டப் பறிச்சுப் பிடிச்சன். பெட்டி மூடுமட்டும் நான்தான் லைட் பிடிச்சன். சனமெல்லாம் விழுந்து அழுகுது. நான் 'விலகுங்க, விலகுங்க, மறைக்குது' எண்டு கத்துறன். படத்தில ஆரோ ஒருத்தன்ட தாய்க்கு அழுவன். என்ட அம்மாவுக்கு வரேல்ல."

அவள் சுவாமியின் பதிலுக்காகக் காத்திருந்தாள். படமென்றால் இந்த இடத்தில் பெரியவர் ஒருவர் மனதைத் தொடும் வசனம் ஒன்று பேசுவார். சுவாமி கையில் ஒரு நுளம்பை அடித்தார்.

"அந்த வீடியோவப் பாத்தனீங்களா?"

"இல்ல. அலுமாரிக்குள்ள கிடக்கு."

"அம்மாட பேர் என்ன?"

"சலேத்தம்மா."

"வீட்ட போய்ப் பாருங்க. அதுதான் அபராதம். மூண்டு அருள் நிறைந்த மரியாயும் சொல்லுங்க." சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, "விசிலுக்குத் தனியா ஒண்டும் இல்ல. அத ஊர் குடுத்திட்டுது" என்றார்.

வீட்டுக்கு வந்தும் எமில்டா பல நாள் கடத்தினாள். மில்லில் வேலை என்றாள், மின்சாரம் நிற்கும் என்றாள். கடைசியில் ஸக்கியாதான் ஒரு ஞாயிறு பின்னேரம் வட்டிலப்பமும் கையுமாக வந்து நின்றாள். "படம் பாக்க நீ என்னக் கூப்பிடாம விட்ட நாளே இல்லியே. இதுக்கு மட்டும் ஏன் பயப்புடுறாய்?" என்று கேட்டு, அலுமாரியை அவளே திறந்தாள். பீற்றர் பென்டிரைவை டிவியில் குத்தினான்.

வீடியோ மகா கேவலமாக இருந்தது. தொடக்கத்தில் புறாக்கள் பறந்தன. சலேத்தம்மாவின் அடையாள அட்டைப் படம் சுழன்று சுழன்று வந்து ஒரு பூவுக்குள் நின்றது. பின்னால் அழுத்தமான வயலின். ஸக்கியா வாயைப் பொத்திக்கொண்டாள். எமில்டா வெளிப்படையாகவே சிரித்தாள்.

பிறகு பெட்டி வந்தது. அம்மாவின் முகம் வந்தது. வெளிச்சம் முகத்தில் விழுந்தது, ஆனால் நிற்கவில்லை. நெற்றியிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து செபமாலை சுற்றிய கைக்கும் துள்ளிக்கொண்டே இருந்தது. சுவரில் நிழல்கள் கூத்தாடின.

"ஆர் இந்த லைட் பிடிச்சது? சன்னி வந்தவன் மாதிரி நடுங்குது" என்றான், அன்று கடலிலிருந்து பிந்தி வந்த பீற்றர்.

ஸக்கியா அவனைப் பார்த்தாள். பீற்றர் எமில்டாவின் கையைப் பார்த்தான்.

எமில்டா முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத் தன் கை கல்லுமாதிரி இருந்தது என்றுதான் இத்தனை வருடமும் அவள் நம்பியிருந்தாள். காட்சி வெட்டப்படவில்லை. பொடியனுக்கு வெட்டத் தெரியாது. வெளிச்சம் நடுங்கிக்கொண்டே போனது, பெட்டி மூடுமட்டும்.

அப்போதுதான் அவளுக்கு வந்தது. சினிமாவில் அழுவதுபோல ஒரு துளி கன்னத்தில் உருளவில்லை. மூக்கு வடிந்தது, விக்கல் எடுத்தது, நடுவில் வட்டிலப்பம் புரைக்கேறியது. ஞாயிறு என்று மில் ஓடாத ஊரில் அந்தச் சத்தம் எங்கெல்லாம் கேட்டதோ, அடுத்த வீட்டு ஆட்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். பீற்றர் தண்ணீர் கொண்டு வந்தான். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"நிப்பாட்டவா?" என்று கேட்டான்.

"விடுங்க. ஓடட்டும்."

மயானம் வந்து, சனம் கலைந்து, புறாக்கள் திரும்பவும் பறந்து, கடைசியில் ஸ்டூடியோவின் விளம்பரம் வந்தது: கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, முதல் நன்மை, மரணச்சடங்கு, சகலதும் குறைந்த செலவில். ஸக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல், தங்கச்சி மகளின் கலியாணத்துக்கு உதவும் என்று நம்பரைப் போனில் போட்டுக்கொண்டாள். எமில்டா எழும்பிக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனாள்.