ஐ.சி. எண் இல்லாத வரி

நம்பினால் நம்புங்கள். இது மலேசியாவின் ஸ்கூடாயில், பட்டப்பகலில், ரூபினிக்கு நடந்தது. கதை கட்டுகிற பழக்கம் அவளுக்கு அறவே கிடையாது.

கோத்தா திங்கியில் வெள்ளம். வெள்ளத்தில் சிக்கியவர்களைப் பற்றி நிவாரண முகாமில் தொண்டர்கள் கைப்பேசியில் பதிந்த விவரமெல்லாம் ஜேசன் என்ற தரவுக் கோப்புகளாக அவளுக்கு வந்தன. குடும்பத்துக்கு ஒரு தரவுப் பொட்டலம். அதைப் பிரித்து, ஆளுக்கொரு வரியாக அட்டவணையில் ஏற்றும் எஸ்.கியூ.எல். நிரல் அவள் எழுதியது. யாரைத் தேடிப் படகு போக வேண்டும் என்று அந்த அட்டவணைதான் சொல்லும். ஒரே ஆள் இரண்டு தடவை ஏறிவிடக் கூடாதே என்று, ஐ.சி., அதாவது அடையாள அட்டை எண் இல்லாத வரி நுழையவே முடியாதபடி பூட்டுப் போட்டிருந்தாள். அந்த எண் இல்லாமல் யாரையும் பதியக் கூடாது என்று தொண்டர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை மதியம். இரண்டாவது மாடி அலுவலகத்தில் அவள் மட்டும்; மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கோப்பை ஏற்றினாள். பிழை ஏதும் இல்லை. ஆனால் கடைசியில் ஒரு வரி...

லோஷினி. வயது ஒன்பது. ஐ.சி. எண் காலி. உடன் இருப்பது: தம்பி, வயது ஐந்து. இடம்: பழைய லயம் (தோட்டக் குடியிருப்பு), கோத்தா திங்கி.

பூட்டைத் தாண்டி எப்படி வந்தது? மூலக் கோப்பில் தேடினாள். அந்தப் பெயரே இல்லை. யாரோ சோதித்துப் பார்த்த வரியாக இருக்கும் என்று அழித்துவிட்டு, மறுபடி ஏற்றினாள்.

லோஷினி. இடம்: உலு திராம்.

கோத்தா திங்கியிலிருந்து ஸ்கூடாய் வரும் வழியில் உள்ள ஊர். எரிச்சலோடு அழித்தாள். ஏற்றினாள்.

லோஷினி. இடம்: ஸ்கூடாய்.

அறையில் ஆற்றுச் சேற்றின் வாடை. மூன்றாம் முறையும் அழித்தாள்.

மாடிப்படியில் சத்தம்.

சளக்... சளக்...

இந்த முறை அவள் எதையும் ஏற்றவில்லை. வரி தானாக வந்தது.

லோஷினி. இடம்: இரண்டாவது மாடி.

கதவுக்கு வெளியே சத்தம் நின்றது...

அழிக்கவில்லை. படகுகளைக் கவனித்த ஹேமநாதனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பழைய லயத்துல ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க. படகு அனுப்புங்க."

"அங்க யாரும் இல்லன்னு லிஸ்ட்டு சொல்லுது லா."

"லிஸ்ட்டு நான் செஞ்சதுதாண்ணே. போங்க."

சாயங்காலம் ஹேமநாதன் அழைத்தார். கூரைச் சட்டத்தில் தொற்றிக்கொண்டிருந்த பையனை உயிரோடு இறக்கிவிட்டார்கள். அக்காள் கீழே தண்ணீரில் கிடந்தாள். திங்கட்கிழமையே உயிர் போயிருக்கும் என்றாராம் டாக்டர்.

இரண்டு பிள்ளைகளுக்கும் பிறப்புப் பத்திரமே எடுக்கவில்லை; அது இல்லாமல் ஐ.சி. எண் கிடையாது. ஜொகூர் பாருவில் வேலைக்குப் போய், வெள்ளத்தால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்ட அம்மா, முகாமுக்கு ஓயாமல் போன் செய்திருக்கிறாள். ஐ.சி. எண் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றதும் பதியவில்லை. அதைக் கேட்டு ரூபினி வாய்விட்டு அழுதாள்.

ஹேமநாதன் பிறகு சொன்னார்:

"பையன் என்னமோ சொல்றான்மா. அக்கா ஆளு கூப்பிட போச்சாம். மூணு வாட்டி உள்ள போச்சாம். மூணு வாட்டியும் யாரோ வெளிய தள்ளிட்டாங்களாம்."

வரியை அழித்ததை ரூபினி அதுவரை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.