வகுப்பில் போட்ட முதல் சண்டை

தையற்காரி தினமும் பள்ளி வாசலில் கேட்பது ஒன்றைத்தான். "இன்னைக்காவது வாயைத் திறந்தாளா டீச்சர்?" வீட்டில் வாயாடும் மகள், சேர்ந்த நாளிலிருந்து வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டாம் வகுப்பு டீச்சரும் தினமும் உதட்டைப் பிதுக்குவார்.

இன்று மணி அடிக்கும்வரை டீச்சரால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு வாசலில் நின்றபடியே தையல் கடைக்குப் போன் போட்டார்.

"அம்மா, உங்க பொண்ணு சண்டை போட்டுட்டா!"

தையல் மெஷின் சத்தம் நின்றது. "அய்யய்யோ, அடிச்சுட்டாளா?"

"வாயாலதான்மா! பக்கத்துல இருக்கிறவன் இவ ரப்பரைக் கடிச்சுட்டானாம். 'நீ என்ன எலியா?'ன்னு கத்தினா பாருங்க, கிளாஸே திரும்பிப் பார்த்துச்சு!"

"டீச்சர், அவளைத் திட்டிடாதீங்க!"

"திட்டறதா? இன்னும் நிறுத்தலைம்மா. நீங்களே கேளுங்க!"

டீச்சர் போனை வகுப்புக்குள் நீட்டினார்.