கடற்பன்றிகளுக்குக் குண்டூசி குத்தின காலம்

கடலே இல்லாத நாட்டில் இருந்துகொண்டு கடற்பன்றிகளுக்குக் குண்டூசி குத்துவதும் ஒரு வேலைதான். தொண்ணூறுகளில் லோசான் நகரத்தில், கடல் விலங்குகளை எண்ணுகிற ஒரு கந்தோரில் எனக்குக் கிடைத்தது அதுதான். வடக்குக் கடலோரங்களில் மீன்பிடிக்கிறவர்கள் தாங்கள் கண்டதை அட்டையில் எழுதி அனுப்புவார்கள். நான் அதைப் பார்த்துச் சுவரில் உள்ள கடல் படத்தில் குத்தவேண்டும். உயிரோடு கண்டால் பச்சை, வலையில் செத்திருந்தால் கறுப்பு. வேலை செய்கிறோம் என்ற கடிதம் இல்லாவிட்டால் இங்கே தங்குகிற பேர்மிற் இழுபடும். அந்தக் கடிதத்துக்காகக் கைப்பிள்ளையோடு எந்த வேலைக்கும் தலையாட்டினவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சேர்ந்த நாள்

கந்தோருக்குப் பொறுப்பான மதாம் கடற்பன்றியின் படம் ஒன்றைக் காட்டினா. டொல்பினைவிடச் சின்ன உடம்பு, மழுங்கின மூஞ்சி. எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. மன்னாரில் எங்கள் ஐயாவின் வலையிலும் இதைப் போல ஒன்று சிக்கியிருக்கிறது. அதைச் சொல்ல எனக்குப் பிரெஞ்சு வராது. குனிந்துகொண்டு நின்றேன். என்னைக் கூட்டிப்போனது அங்கே நிலம் துடைக்கிற திரேசா அக்கா. அவதான் எனக்காகக் கதைத்தா:

"இவளுக்கு ஒண்டும் தெரியாது மதாம். ஆனா சொன்னதைச் செய்வாள்."

கட்டி வைத்த பேப்பர்

நிறைய அட்டைகளில் திகதியும் இடமும் ஒரு பூச்சியமும்தான் இருக்கும். ஒன்றும் காணாத கடலில் எதைக் குத்துவது? இந்த ஊரில் பழைய பேப்பரைச் சதுரமாக அடுக்கி நூலால் கட்டித்தான் குப்பை வண்டிக்கு வெளியே வைக்கவேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர். பூச்சிய அட்டைகளையும் அப்படியே கட்டி வாராவாரம் வெளியே வைத்தேன். மூன்று மாதம்!

ஒருநாள் மதாம் அவற்றைத் தேடினா. நான் வெறும் தெருவோரத்தைக் காட்டினேன். அவ படியிலேயே குந்திவிட்டா. ஏசவில்லை. மெதுவாகச் சொன்னதைத் திரேசா அக்கா தமிழில் சொன்னா:

"தேடியும் காணேல்லை எண்டதுதான் முக்கியமாம். இப்ப தேடாத கடலும் வெறுமையான கடலும் ஒண்டாப் போச்சாம்."

வெள்ளை

என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. ஒரு பெட்டி வெள்ளைக் குண்டூசி தந்தா, பூச்சியங்களுக்கு. குத்தினேன், குத்தினேன். கிழக்குப் பக்கத்துச் சின்னக் கடல் முழுக்க வெள்ளையாகிப் போனது. இதற்கிடையில் மேலிடத்து ஆட்கள் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, விலங்கே இல்லாத இடத்துக்கு எண்ணுகிற ஆள் எதற்கு என்று கேட்டார்களாம். பேர்மிற் முடிய இரண்டு மாதம் இருந்தது. காலமை தபால் வந்ததும் ஒரு பச்சையாவது இருக்குமோ என்று கிழக்குக் கடல் அட்டைகளைத்தான் முதலில் பிரிப்பேன். திரேசா அக்கா துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு சொன்னா:

"ரெண்டு பச்சையைக் குத்திவிடு பிள்ளை. கடலுக்குப் போய் ஆர் பாக்கப் போகினம்?"

ஒரு கறுப்பு

பச்சைக் குண்டூசியைக் கையில் எடுத்தேன், உண்மைதான். ஆனால் மூன்று மாதத்துக் கடலை ஏற்கெனவே குப்பையில் போட்டவள் நான். திரும்பப் பெட்டியிலேயே வைத்தேன். அடுத்த நாள் கிழக்குக் கடலிலிருந்து ஓர் அட்டை வந்தது. வலையில் ஒன்று, வயிற்றில் குட்டியோடு. அத்தனை வெள்ளைக்கு நடுவில் கறுப்பைக் குத்திவிட்டு, முதல்தரமாக மதாமோடு நானாகக் கதைத்தேன். எங்கள் கடலிலும் இது இருக்கிறது என்றேன். எத்தனை என்று கேட்டா. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ஒன்றுதான் சொல்ல முடிந்தது:

"அங்க சண்டை, மதாம். ஆரும் எண்ணேல்லை."

கடிதம்

மாதக் கடைசியில் படத்தைச் சுருட்டிவிட்டார்கள், என் வேலையும் அதோடு முடிந்தது. மதாம் அழகான கடிதம் தந்தா, நேர்மையானவள் என்றெல்லாம் எழுதி. பேர்மிற் கந்தோரில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் கடிதத்தை நீட்டினேன். வேலை தேடிப்போன இடங்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அந்தத் தாளைத் திருப்பித் தள்ளினார்:

"இது தேவையில்லை. வேலை கிடைச்சால் வாங்கோ."

கடற்பன்றியைத் தேடியும் காணவில்லை என்றால் அதற்கொரு வெள்ளைக் குண்டூசியாவது உண்டு. வேலை தேடியும் காணாத எனக்கு அதுவும் இல்லை.