கச்சிராயபாளையத்தில் ஒரே ஒரு சந்தாதாரர்

டிராக்டரை வாடகைக்கு விடுகிறவர்களுக்காக நாங்கள் ஒரு ஆப் செய்திருந்தோம். யார் நிலத்தில் என்றைக்கு உழவு என்பதை அது நினைவுபடுத்தும், மாதச் சந்தா. கச்சிராயபாளையத்தில் சந்தா கட்டியவர் ஒருவர்தான். ஒல்லியான மனிதர், நரைத்த முறுக்கு மீசை. போனைத் துண்டால் ஒரு முறை அழுந்தத் துடைத்த பிறகே திறப்பார்.

மற்ற டிராக்டர்காரர்களையும் சேர்த்துவிடும்படி கேட்கப் போனேன்.

"எப்பவோ சேத்துட்டேங்க. என் பாஸ்வேர்ட எல்லாருக்கும் குடுத்துட்டேன். நம்ம ஆப் இல்லாத டிராக்டரே இங்க கெடையாது!"

"அண்ணே, ஆளாளுக்குத் தனியா சந்தா கட்டணும்ணே."

"அதான் நான் கட்டிக்கினு இருக்கேனே! ஒரே ஊர்க்காரங்களாண்ட போயி தனித்தனியா கேப்பாங்களா? இன்னாங்க நீங்க!"

அந்த முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு சந்தாப் பேச்சை விட்டுவிட்டேன். அவர் வாங்கித் தந்த கரும்புச் சாற்றைக் குடித்துவிட்டுக் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன்.

கட்டுப்படியாகாமல் ஒருநாள் நிறுவனத்தை மூடினோம். அந்த ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தகவல் சொன்னேன். மறுநாள் முழுக்க, முன்பின் தெரியாத டிராக்டர்காரர்கள் ஒவ்வொருவராக என்னைக் கூப்பிட்டுத் துக்கம் விசாரித்தார்கள். என் நம்பரையும் எல்லோருக்கும் கொடுத்திருந்தார், மனிதர்.