தளபதியைக் கொல்லச் சொன்ன வாசகர்கள்

வெடிமருந்தை மூச்சுக்காற்றால் எழுப்பும் மந்திரவாதிகள், பீரங்கிகள், மலைக்கோட்டை என்று ஒரு தொடர்கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கடத்தூரில் எனக்கு ஜெராக்ஸ் கடை. ஆதார் நகலுக்கும் பட்டா நகலுக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் செல்போனில் தட்டி, கதை படிக்கும் செயலி ஒன்றில் போடுவேன். இரண்டு பாகம் முடிந்துவிட்டது.

வாசகர்கள் சும்மா விடுவதில்லை. "மந்திரம்தான் இருக்குதே, அப்புறம் பீரங்கி எதுக்கு?" என்று ஒருவர். "முதல் பாகம் பூரா நடந்துட்டே இருக்காங்க, எப்பதான் சண்டை போடுவாங்க?" என்று இன்னொருவர். கோட்டைக்குப் போகும் ஏற்றத்தில் இரண்டு மாடுகளால் பீரங்கியை இழுக்க முடியாது என்று அதியமான்கோட்டைக் கல்லூரி மாணவி ஒருத்தி படம் வரைந்தே அனுப்பினாள். என் வீட்டுக்காரர் நாலாம் பக்கத்தைத் தாண்டியதில்லை. ஆனாலும் எல்லா அத்தியாயத்துக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டுவிடுவார். இவர்கள் எல்லோரையும் எனக்குப் பிடிக்கும். திட்டுவதற்காகவாவது படிக்கிறார்களே.

இரண்டாம் பாகத்தின் முடிவில்தான் வம்பு வந்தது. கோட்டைச் சுவருக்கடியில் ஏழு பீப்பாய் வெடிமருந்து வைக்கிறார்கள். தளபதி வெடிச்சத்தத்தை எண்ணுகிறான். மலையில் எதிரொலித்த ஒன்றையும் சேர்த்து ஏழு என்று எண்ணிவிட்டு, தன் கூட்டாளியை உள்ளே அனுப்புகிறான். வெடிக்காமல் கிடந்த ஏழாவது பீப்பாய் அப்போது வெடிக்கிறது. செத்துப்போன கூட்டாளியோ வாசகர்களின் செல்லப்பிள்ளை. கேட்கவேண்டுமா? மூன்றாம் பாகத்தில் தளபதி சாகவேண்டும் என்று கருத்துகள் குவிந்தன. நானும் சம்மதித்து, தூக்குமேடை வரைக்கும் எழுதிவிட்டேன்.

தாளில் அச்செடுத்துப் படிக்கும் வாசகர் எனக்கு ஒருவர்தான். கிணறு வெட்டும்போது பாறைக்கு வெடி வைப்பது அவர் தொழில். இப்போது அறுபதைத் தாண்டி, வேலையை விட்டுவிட்டார். காது சுத்தமாகக் கேட்காது. டிவி பார்த்துப் பயனில்லை என்று கதை படிக்க வந்தவர். வீணான தாளின் பின்பக்கத்தில் நான் எழுதிக் காட்டுவேன், அவர் கடை அதிர பதில் சொல்வார்.

தூக்குமேடையைப் படித்துவிட்டு வந்து, தாள்களை மேசைமேல் பொத்தென்று போட்டார்.

"ஏம்மா, இவன எதுக்கு சாவடிக்கிற?"

எல்லாரும் கேட்கிறார்கள் அண்ணா என்று எழுதிக் காட்டினேன்.

"ஆறு குழியில மருந்து வெச்சா ஆறு சத்தம் எண்ணணும். சில நேரம் ரெண்டு சேர்ந்து வெடிக்கும். ஒண்ணு மலையில பட்டுத் திரும்பும். தப்பு வரும்மா. வேணும்னே எவனாவது அனுப்புவானா? தூக்குல போட்டுட்டா கத முடிஞ்சுபோச்சு. அடுத்த நாளு அவன் என்ன பண்ணுனான்? செத்தவன் வூட்டுக்குப் போயிருக்க மாட்டானா? அத எழுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. அத்தனை பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் ஒரு பக்கம். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து தூக்குமேடையைக் கலைத்தேன். தளபதியை உயிரோடு விட்டு, கூட்டாளியின் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். செத்தவனின் மனைவி சொம்பில் தண்ணீர் தருகிறாள். அவன் அதைக் குடிக்க முடியாமல் கீழே வைத்துவிட்டுத் தலை குனிகிறான். எழுதும்போது நானே அழுதேன். நன்றாக வந்துவிட்டது என்று கர்வமாகவும் இருந்தது.

அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்து, விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். சொம்பு வந்த இடத்தில் விரல் நின்றது. எப்போதும் கத்திப் பேசுகிறவர், அன்று எனக்கே சரியாகக் கேட்காதபடி பேசினார்.

"தப்பும்மா. குடிச்சுட்டேன். வெயில்ல நடந்து போயிருந்தேன், தாகமா இருந்துச்சு."

பேனாவை எடுத்து, அவன் சொம்பைக் கீழே வைக்கும் வரியை அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தம்மா இன்னொரு சொம்பு மொண்டாந்து குடுத்துச்சு," என்றார். "அதையும் குடிச்சேன்."