கடைக்கார அண்ணன் போட்ட பதில்

சண்டைக் காலத்தில் எங்கள் வீடு கொக்கட்டிச்சோலைப் பக்கம். இன்டர்நெட் வேண்டுமென்றால் தோணி ஏறி வாவிக்கு அக்கரையிலிருந்த கொமினிகேசன் கடைக்குப் போகவேண்டும். கடைக்கு ஒரேயொரு ஈமெயில் முகவரி. எங்கள் எல்லோருக்கும் அதுதான். தனியாக ஒன்று திறந்தால், "ஆருக்கு ஒளிக்கிறாய்?" என்று கேட்பார்கள். வருகிற கடிதங்களைக் கடைக்கார அண்ணன் அச்செடுத்து, மடித்து, பின்பக்கம் பெயர் எழுதி வைப்பார். வாசிப்பதேயில்லை என்று பிள்ளையார்மேல் சத்தியம் செய்வார். தாளை நீட்டும்போதே, "புள்ள, உங்கட ஆளுக்குக் கத்தாரில தடிமனாம், மூக்கு ஒழுகுதாம்" என்பார்.

அந்த ஆள் என்னோடு படித்தவர். கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். எனக்கும் விருப்பம்தான். ஆனால் உடனே ஓம் என்றால் மதிப்புக் குறைந்துவிடும் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. வெள்ளிக்குள் பதில் இல்லாவிட்டால், அம்மா பேசி வைத்த மாமி மகளுக்கே தலையாட்டிவிடுவாராம். வியாழன்வரை தவிக்கட்டும் என்று வீடு திரும்பினேன். மொக்குத்தனம் என்றால் அதுதான். புதனன்று வெடிச்சத்தம் கேட்டது. ஆமி தோணித் துறையை மூடிவிட்டது. வெள்ளியன்று விக்கி விக்கி அழுதேன். வெடிக்குப் பயந்து அழுகிறேன் என்று அம்மா திருநீறு பூசிவிட்டார்.

ஞாயிறு துறை திறந்ததும் முதல் தோணியில் போய்க் கடைக்கு ஓடினேன்.

"பயப்பிடாத புள்ள. துறை மூடின அண்டைக்கே நான் பதில் போட்டிட்டன்."

"என்ர பேரிலயா?"

"வேற ஆர்ர பேரில? ஓம் எண்டு எழுதினன். மறுகா, அது வெறுமையாக் கிடக்கெண்டு கொஞ்சம் அன்பாயும் போட்டன்."

ஏசுவதா கும்பிடுவதா என்று தெரியவில்லை. தோணியில் திரும்பும்போதுதான் யோசித்தேன். கடைக்கார அண்ணனுக்கு மனம் வேறுமாதிரி இருந்திருந்தால் 'இல்லை' என்றும் எழுதியிருக்கலாம். அதையும் நான்தான் எழுதினேன் என்று கத்தாரிலிருந்தவர் நம்பியிருப்பார்.

இன்று மகளிடம், பாஸ்வேர்ட்டை ஒருவருக்கும் சொல்லாதே என்று ஓயாமல் ஓதுகிறேன். அவளுடைய அப்பாவோ அந்தக் கடிதத்தை அச்செடுத்துக் கலியாணப் படங்களோடு பத்திரமாக வைத்திருக்கிறார். எங்களுக்குள் சண்டை வந்தால் எடுத்து நீட்டுவார்.

"இப்பிடியெல்லாம் அன்பா எழுதின பொம்பிள இப்ப எங்க போயிற்றாள்?"

அந்தப் பொம்பிளைக்கு அப்போதே பெரிய மீசை இருந்தது என்பதை இன்றுவரை நான் சொல்லவில்லை.